ஊசியும் முதல் பந்தியும்

இன்சுலின் ஊசியைப் பற்றி எழுதச் சொன்னால் கூச்சமில்லாமல் எழுதிவிடுவேன். இட்லியைப் பற்றி எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாது. எங்கள் பக்கத்தில் இந்த ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் அதிகம் கிடையாது. புதிதாக வியாதி வந்தவள் யாராவது இருந்தால், எனக்கு நேர்ந்தது அவளுக்கு நேரக்கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். படித்துவிட்டு, 'இவளுக்கு என்ன வாய்க்கொழுப்பு' என்று திட்டினாலும் சரிதான். அந்த வாயால்தான் பிழைத்தேன்.

எனக்குச் சங்கரன்கோவில். பிறந்ததும் இங்கேதான், வாக்கப்பட்டதும் இங்கேதான், ஒரு தெரு தள்ளி. பெயர் கோமதி. இந்த ஊரில் கல்லை விட்டெறிந்தால் ஒரு கோமதி மேல்தான் விழும். அம்மன் பெயரை வைக்காத வீடு கிடையாது. வீட்டில் நான் கோமு. அவுகளுக்கு ரிஜிஸ்தர் ஆபீசில் குமாஸ்தா வேலை. அவுக என்றால் என் வீட்டுக்காரர். பெயரை எழுதமாட்டேன், சொல்லியும் பழக்கமில்லை. மூன்றாவது ஆள் அத்தை, அவுகளைப் பெற்றவர்கள். எனக்குப் பிள்ளை இன்னும் இல்லை. அவ்வளவுதான் குடும்பம்.

எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. அவுக சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குப் போவார்கள். அத்தைக்குக் கோயிலில் உச்சிக்கால மணி கேட்கிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. மணி கேட்டு, சாப்பிட்டு, அத்தை கையலம்பிய பிறகு நான். யாரும் இதைச் சட்டமாகப் போட்டு வைக்கவில்லை. என் அம்மாவும் அப்படித்தான் சாப்பிட்டாள், எதிர்வீட்டுச் செம்பகம் அக்காவும் அப்படித்தான். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்து, அதற்குத் தக்கபடி பசித்துக்கொள்வது எங்களுக்குப் பழகிப்போன விஷயம்.

சித்திரையில் தாகம் எடுக்க ஆரம்பித்தது. சித்திரையில் தாகம் எடுத்தால் அதை வியாதி என்று எவள் நினைப்பாள்? பானைத் தண்ணீரை நான் ஒருத்தியே காலி செய்தேன். குடித்ததெல்லாம் நிமிஷத்துக்கு ஒரு தரம் புறவாசலுக்கு இழுத்தது. உடம்பு இளைத்து ஜாக்கெட் தோளில் நிற்கவில்லை. கிறுகிறுப்பு, அசதி. அத்தை ஒருநாள் ரகசியமாக, "ஏட்டி கோமு, நாள் தள்ளிப் போயிருக்கா?" என்று கேட்டார்கள். முகத்தில் அவ்வளவு ஆசை. இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

பிறகு நான் ஒதுங்கிய இடத்தில் எறும்பு சாரிசாரியாக மொய்த்தது. அதைப் பார்த்ததும் அத்தைதான். "இது வேற சங்கதில்லா" என்று அன்றைக்கே அவுகளைக் கூப்பிட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார்கள்.

உள்ளூர் டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் என் சிறுநீரைச் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலமாகவே நின்றால் சீனி இல்லை என்று அர்த்தம். பச்சை, மஞ்சள் என்று மாறினால் இருக்கிறது. எனக்குப் பச்சையிலும் நிற்கவில்லை, மஞ்சளிலும் நிற்கவில்லை, நேரே செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது. டாக்டர் குழாயை அவுகளிடம் காட்டி, "பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போங்க, தாமசிக்க வேண்டாம்" என்றார். அவுக அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் ஏதோ திருடிப் பிடிபட்டவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். எதற்குக் குனிந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரியில் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு இடுப்பே போய்விட்டது. என் மெலிவைப் பார்த்துப் பக்கத்திலிருந்த இளையரசனேந்தல்காரி காசநோய் என்று நினைத்து நகர்ந்து உட்கார்ந்தாள். "அது இல்லக்கா, சீனி வியாதி" என்றேன். "அது பணக்காரங்களுக்குல்லா வரும்?" என்று என் கழுத்தைப் பார்த்தாள். மஞ்சக்கயிறு தவிர வேறொன்றும் இல்லாததைக் கண்டு, பொய் சொல்கிறேன் என்று முடிவுகட்டி இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள்.

ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பெரிய டாக்டர் விளக்கமாகச் சொன்னார். இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஒரு உறுப்பு இருக்கிறது. தின்கிற சோறு ரத்தத்தில் சீனியாகிறது. அந்தச் சீனியை உடம்பு எடுத்துக்கொள்ள இன்சுலின் என்று ஒரு சுரப்பு வேண்டும். அதைக் கணையம்தான் சுரக்கும். எனக்கு அது வற்றிவிட்டது. அதனால் எவ்வளவு தின்றாலும் சீனி ரத்தத்திலேயே கிடந்து சிறுநீரில் போகிறது, உடம்பு பட்டினி கிடக்கிறது. வற்றிப்போனதை ஊசியில்தான் போட்டாகவேண்டும், காலையும் மாலையும்.

"எத்தனை நாளைக்கு டாக்டர்?" என்று அவுக கேட்டார்கள்.

"இருக்கிற நாளைக்கெல்லாம்."

நான் அழவில்லை. அவுக முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் கொடுக்க வந்தவள் ஒரு வியாதியைக் கொடுத்தேன். அந்த நினைப்பு அன்றைக்கு நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது, இன்னும் முழுசாக இறங்கின பாடில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அவுக வராந்தாவில் துண்டை விரித்துக் கிடந்தார்கள். சாப்பாடு கஞ்சியும் கீரையும். பக்கத்துக் கட்டில்காரிக்கு வருகிற மைசூர்பாகு வாசத்துக்குக்கூட மூக்கை முந்தானையால் மறைத்துக்கொண்டேன். ஊசியை நானே போடப் பழகவேண்டும் என்றார் நர்ஸம்மா. எலுமிச்சம்பழத்தில் குத்திப் பழகச் சொன்னார். அம்மனுக்கு மாலையாகப் போகவேண்டிய பழம் என் கையில் சல்லடையானது. பழத்துக்கு வலிக்காது, துடைக்கு வலிக்குமே என்று நான் ஊசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவுக என்ன செய்தார்கள் தெரியுமா? கொதிக்க வைத்த வெறும் ஊசியை வாங்கி, வேட்டியை விலக்கித் தன் துடையில் குத்திப் பார்த்தார்கள். ஊசியைக் கண்டால் மயங்குகிற மனிதர். முகமெல்லாம் வேர்த்து, "ஒண்ணுமில்ல கோமு, கட்டெறும்பு கடிதான்" என்றார்கள். நர்ஸம்மா சிரித்ததைவிட நான் அழுததுதான் அதிகம்.

அதோடு அவுக காப்பிக்குச் சீனி போட்டுக்கொள்வதையும் விட்டுவிட்டார்கள். மருந்து என்ன விலை என்று என்னிடம் இதுவரை சொன்னதில்லை, கேட்டால், "உனக்கு எதுக்கு அது?" என்பதோடு சரி. அவுக கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

கிளம்பும்போது நர்ஸம்மா என் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்திச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இதைப் படிக்கிறவர்கள் மனதில் போட்டுக்கொள்ளவேண்டும். "ஊசி போட்டா அரைமணிக்குள்ள சாப்பிடணும். நீ சாப்பிடலேன்னா ஊசி உன்னச் சாப்பிட்டுரும். ரத்தத்துல சீனி ஒரேயடியா இறங்கிரும். வேர்க்கும், நடுங்கும், அகோரமாப் பசிக்கும். அப்புறம் குடிச்சவன் மாதிரி ஆள் மாறிப் பேசுவே. அதுக்கும் மேல விட்டா உசிருக்கு ஆபத்து. முந்தானையில எப்பவும் வெல்லம் முடிஞ்சு வச்சிக்கோ." சீனி வியாதிக்காரிக்கு வெல்லமா என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் மருந்துக் குப்பிக்கு இடம் பார்த்தோம். அது வெயில் தாங்காது. ஒரு டம்ளருக்குள் வைத்து, அந்த டம்ளரைத் தண்ணீர்ப் பானைக்குள் மிதக்க விட்டோம். அவுக அத்தையிடம் எல்லாவற்றையும் விளக்கினார்கள். ஊசி போட்டதும் கோமு சாப்பிட்டாகவேண்டும், யாருக்காகவும் காத்திருக்கக்கூடாது என்று.

அத்தை ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "டாக்டர் சொன்னா சரி. முதல் பந்தி இனி மருமகளுக்குத்தான்" என்றார்கள். அதை இங்கே அழுத்தியே எழுதுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததைக் கேட்கிறவர்கள் அத்தையைத்தான் கைகாட்டுவார்கள். காலையில் நான் ஊசி போட்டு முடிக்கும்போது அத்தையே தட்டில் இட்லி எடுத்து வைப்பார்கள். அவித்து இறக்கிய முதல் ஈடு. அவுக இன்னும் குளித்து முடித்திருக்க மாட்டார்கள்.

தப்பு என் தொண்டையில் இருந்தது. பட்டினியாக ஒரு பெரிய மனுஷி அடுப்படியில் நிற்க, புருஷன் வெறும் வயிற்றோடு திருநீறு பூசிக்கொண்டிருக்க, நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து சட்னியைத் தொட்டுக்கொள்வதா? வாயில் வைத்தால் இறங்காது. தட்டைப் புறவாசலுக்கு எடுத்துப் போவேன். பாதி இட்லியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு மீதியைக் காக்கைக்கு வைப்பேன். சில நாள் அதுகூட இல்லை. உள்ளே வந்தால் அத்தை, "சாப்பிட்டாச்சாட்டி?" என்பார்கள்.

"சாப்பிட்டாச்சு அத்தை."

அவுகளைத் தாண்டிச் சாப்பிடுகிற குற்றத்துக்குப் பயந்து, பெரியவர்களிடம் பொய் சொல்கிற குற்றத்தைத் தினமும் செய்தேன். அவுக ஆபீசுக்குப் போனபிறகு மிச்சத்தில் ஏதாவது அள்ளிப் போட்டுக்கொள்வேன். லேசாக வேர்க்கும், கை நடுங்கும், முந்தானை வெல்லத்தைக் கடித்தால் அடங்கிவிடும். அடங்குகிறதே என்ற தைரியம்தான் என்னைக் கெடுத்தது.

ஆடி பிறந்தது. அம்மன் தவமிருந்து சாமியைக் காண்கிற தபசுத் திருவிழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அத்தை எனக்காக நேர்ந்திருந்த மாவிளக்கு. ஊறவைத்த பச்சரிசியை இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, குழித்து நெய் விட்டு அம்மன் சந்நிதியில் ஏற்றுவது. அதை இடிக்கும்போது வாசம்கூட மோந்து பார்க்கக்கூடாது. அம்மனுக்கு முன்னால் யாரும் ருசி பார்த்ததாக ஆகிவிடும். அன்று தலைக்குக் குளித்து வேறு சேலை மாற்றினேன். வெல்லம் பழைய சேலை முந்தானையோடு கொடியில் கிடந்தது. ஊசி போட்டேன். அத்தை வைத்த இட்லியை அப்படியே காக்கைக்கு வைத்தேன். என் பேரில் நேர்ந்த விளக்கு. அத்தை பட்டினி, மாவிடிக்க வந்த செம்பகம் அக்கா பட்டினி, நான் மட்டும் தின்றுவிட்டு உலக்கையைத் தொடவா என்று நினைத்தேன்.

இடிக்க இடிக்க உலக்கை கனத்தது. வேர்த்துக் கொட்டியது. செம்பகம் அக்கா ஏதோ கேட்டது கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. அத்தை வெல்லப்பாகு விட்டு மாவைப் பிசைந்துகொண்டிருந்தது தெரிந்தது. அதற்குமேல் எனக்கு நினைப்பில்லை. இனி எழுதுவது செம்பகம் அக்கா சொல்லிக் கேட்டது.

உலக்கையைத் தூக்கி எறிந்தேனாம். தலைமுடி அவிழ, உடம்பெல்லாம் ஆட, நடுக்கூடத்தில் காலை அகட்டி நின்றேனாம். அத்தையைப் பார்த்து விரலை நீட்டி, "ஏட்டி, எனக்குப் பசிக்கி. சோறு போடுட்டி" என்று அதட்டினேனாம்.

ஏட்டி என்று எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகளைக் கூப்பிடலாம், அக்கா தங்கச்சியைக் கூப்பிடலாம், கூட்டுக்காரிகள் ஒருத்தியை ஒருத்தி கூப்பிடலாம். மருமகள் மாமியாரைக் கூப்பிட்டாள் என்று இந்தச் சீமையில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அத்தையை ஏட்டி என்று கூப்பிட ஒருத்திக்குத்தான் உரிமை உண்டு. அவள் கோயிலில் இருக்கிறாள்.

அத்தை அப்படியே மண்டிபோட்டுவிட்டார்கள். "தாயே, வந்துட்டியா? ஒனக்கு எடுத்து வச்சதுதான், இந்தா" என்று பிசைந்த மாவை உருட்டி என் வாயில் ஊட்டினார்கள். நான் "இன்னும் கொண்டாட்டி" என்றேனாம். அத்தை ஊட்ட ஊட்டத் தின்றேனாம். வெல்லம் உள்ளே போகப் போக உடம்பு அடங்கியது. கண்ணைத் திறந்தபோது நெற்றியில் திருநீறு, வாயெல்லாம் தித்திப்பு, காலடியில் அத்தை அழுதுகொண்டிருந்தார்கள். செம்பகம் அக்கா அதற்குள் தெருவில் சொல்லியாகிவிட்டது, கோமதி மேல கோமதியே இறங்கிட்டா என்று.

எனக்கு விளங்கிவிட்டது. நர்ஸம்மா சொன்ன ஒன்று பாக்கியில்லாமல் நடந்திருந்தது. சாயங்காலம் அவுக வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னை மட்டும் பார்த்து, "காலையில சாப்பிட்டியா?" என்றார்கள். அத்தை முந்திக்கொண்டு, "நாந்தான தட்டுல வச்சேன்" என்றார்கள். நான் தலையாட்டினேன். அம்மனுக்கு எடுத்து வைத்த மாவைத் தின்றேன், பெற்றவர்கள் போலப் பார்த்துக்கொண்டவர்களை ஏட்டி என்றேன், இப்போது மறுபடியும் பொய். அன்றைக்கு என்னைப்போல் பாவி சங்கரன்கோவிலில் கிடையாது.

அடுத்த நாளிலிருந்து அத்தை என்னைப் பாத்திரம் தொடவிடவில்லை. 'வாங்க', 'இருங்க' என்று ஒரு மரியாதை வேறு. அது நெருஞ்சி முள்ளாகக் குத்தியது. தபசுக்கு முந்தின நாள் என்னை உட்கார வைத்துச் சொன்னார்கள்: "அம்மன் எறங்குன ஒடம்பு. நாளைக்குத் தபசுக் காட்சி பாக்கிற வரைக்கும் நீங்களும் விரதம் இருங்க. ஊசியும் வேண்டாம், சோறும் வேண்டாம். கேட்டு வாங்கித் தின்னவளுக்கு ஒங்களைக் காப்பாத்தத் தெரியாதா?"

ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். மூச்சு வாங்கி, நினைவு தப்பி, ஆளே போய்விடும். உசிர்மேல் ஆசை வந்ததா, பொய் கனத்ததா தெரியவில்லை, வாயைத் திறந்துவிட்டேன்.

"அத்தை, அன்னைக்கு வந்தது அம்மன் இல்ல."

"பின்ன யாரு?"

"ஊசி."

"ஊசியா என்னைய ஏட்டின்னு கூப்பிட்டுச்சு?"

"இல்ல அத்தை. நாந்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். சீனி இறங்குவது, வேர்ப்பது, ஆள் மாறிப் பேசுவது. காக்கை தின்ற இட்லிகளையும் சொன்னேன். 'சாப்பிட்டாச்சு' என்று சொன்னதெல்லாம் பொய் என்றேன். உங்களுக்கு முந்தி எனக்கு இறங்கமாட்டேங்குது அத்தை என்று சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அத்தை எழுந்து, உரலைக் கழுவி, உலக்கையைச் சுவரோடு சாத்தி வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்ததும் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார்கள்.

விடிந்தது தபசு. ராயகிரி, சிவகிரிப் பக்கத்து வண்டிகள் இருட்டோடு வந்து தெருவெல்லாம் அவிழ்த்துப் போட்டிருந்தன. ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் பட்டினி. நான் குளித்துவிட்டு ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, போடவா வேண்டாமா என்று உட்கார்ந்திருந்தேன். அடுப்படியில் இட்லிக் கொப்பரை சத்தம் கேட்டது. விரத நாளில் அந்த வீட்டில் அடுப்பு மூட்டி நான் பார்த்ததில்லை.

அத்தை வாசலில் வந்து நின்றார்கள். "போடு ஊசிய."

போட்டேன். பின்னாலேயே அடுப்படிக்குப் போனேன். மணை போட்டிருந்தது, இலை போட்டிருந்தது, இலையில் ஒன்றும் இல்லை. அத்தை கொப்பரைக்குப் பக்கத்தில் கரண்டியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"கேளு" என்றார்கள்.

"என்ன கேக்க அத்தை?"

"அன்னைக்குக் கேட்டியே, அப்படிக் கேளு. கேட்டாத்தான் போடுவேன்."

"அத்தை, என்னை மன்னிச்சிருங்க. புத்தி தப்பிப்போய்..."

"மன்னிக்கதுக்கு ஒண்ணுமில்ல. நானும் தெனமும் சாப்பிட்டியான்னு கேட்டேனே ஒழிய, ஒருநாளும் ஒன் வாயைப் பாக்கல. மருமகளை மாமியாகிட்ட ஏட்டி போட வச்ச பசி லேசுப்பட்ட பசியா இருக்காது. புத்தியோட இருக்கையில ஒனக்குச் சோறு கேக்க வாய் வரல. உசிரு போகையிலதான் வந்திருக்கு. அந்த வாய் தெனமும் வரணும். கேளுட்டி, ஊசி உள்ள ஓடிக்கிட்டிருக்கு."

பின்னால் காலடி கேட்டது. அவுக வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கண்ணை மூடிக்கொண்டு, உதடு மட்டும் அசைகிற அளவுக்கு, "ஏட்டி, பசிக்கி. சோறு போடு" என்றேன்.

இலையில் சூடாக இட்லி விழுந்தது. ஊரே பட்டினி கிடந்த அன்றைக்கு, விரதம் இருக்கிற அத்தை எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, நான் நாலு இட்லி தின்றேன். அழுகையோடுதான் இறங்கியது, ஆனால் இறங்கியது.

இப்போது குழாயில் நீலமும் பச்சையுமாகத்தான் நிற்கிறது. உடம்பில் சதை பிடித்திருக்கிறது. முதலில் சாப்பிடுகிற குற்றம் மனசைவிட்டுப் போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. தினமும் காலையில் மணையில் உட்காரும்போது வருகிறது, கூடவே அந்த வார்த்தையையும் சொல்லியாகவேண்டும். இன்றைக்கும் மெதுவாகத்தான் சொன்னேன்.

"சத்தமாச் சொல்லுட்டி, காதுல விழல" என்றார்கள் அத்தை.

அத்தைக்குப் பாம்புச் செவி.